‘குறை ஏதும் இல்லை’ என்று எழுதிவிட்ட தனி அலுவலர் ஐயாவுக்கு

ஐயா,

தலைவர் இல்லாத எங்கள் ஊராட்சியை இப்போது நடத்துகிறவர் நீங்கள். ஜனவரி 26 கிராம சபையில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தீர்மானங்களை ஊராட்சிச் செயலர் வேகமாக வாசித்துக்கொண்டே போனார். குடிநீர் என்று வந்தபோது ஒரே வரிதான்: “குடிநீர் சீராகவும் பாதுகாப்பாகவும் வழங்கப்படுகிறது. குறை ஏதும் இல்லை.” நான் எழுந்து நின்றேன். “கடைசியில பேசலாம்மா, உட்காருங்க” என்றார்கள். கடைசியில் டீயும் மிக்சரும் வந்தன, என் முறை வரவில்லை. கையெழுத்து நோட்டு என் மடிக்கு வந்தபோது அந்த வரிக்குக் கீழே என் பெயரை எழுத மனம் ஒப்பவில்லை. நோட்டைப் பக்கத்தில் இருந்த அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்குப் பேச முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரார் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

என்னை உங்களுக்கு முகம் தெரியும், வேலை தெரியாது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த ஐவரில் நானும் ஒருத்தி. மகளிர் குழுவிலிருந்து கூட்டிப்போனார்கள். ஒரு நாள் பயிற்சி முடிந்து திரும்பும்போது கையில் ஒரு பெட்டி கொடுத்தார்கள். குளோரின், நைட்ரேட், புளோரைடு, கடினத்தன்மை பார்க்க மருந்துச் சொட்டுகள் அதில் இருந்தன. கிருமி பார்க்கச் சின்னக் குப்பிகளும் இருந்தன. குப்பியில் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து மூடி வைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்தால் அதில் மலக்கழிவு கலந்திருக்கக் கூடும், உடனே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பத்தாவது வரைக்கும் படித்த எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

மருந்துச் சொட்டுகள் ஒரே வருஷத்தில் தீர்ந்துபோயின. புதிதாகக் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை. பெட்டி என் வீட்டுப் பரணில் தூங்குகிறது. காலாவதியாக இரண்டு மாதம் மிச்சமிருந்த ஒரே ஒரு குப்பியை மட்டும் நான் கீழே எடுத்து வைத்திருந்தேன்.

அது ஐப்பசி அடைமழைக் காலம். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு என் மாமியாருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தது. விடிவதற்குள் எதிர் வீட்டில் இரண்டு பேர். புதன் காலை ஆறு மணிக்குக் குழாய் வந்தபோது தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. குடத்தில் முகத்தை வைத்துப் பார்த்தேன், சாக்கடை வாடை. என்னிடம் இருந்த குப்பியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து மூடி, அடுப்பு மேடைக்கு மேலே அலமாரியில் வைத்தேன். அன்று மாலைக்குள் எங்கள் தெருவில் 11 பேர் படுத்துவிட்டார்கள். அடுத்த வீட்டு மூன்று வயதுப் பையனைத் தாலுகா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தி, கடைசியில் காலில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நாலு நாள் அங்கேயே கிடந்தான்.

வியாழன் காலையில் பார்த்தால் குப்பி மைக்கூடு மாதிரி கறுத்திருந்தது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, குப்பியையும் எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தேன். “இதெல்லாம் அஃபிஷியல் கிடையாதும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது ஆய்வக முடிவு இல்லை என்பது எனக்கும் தெரியும். குப்பி கறுத்தால் ஆய்வகத்தில் உறுதி செய்ய வேண்டும் என்பதுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி? அன்றைக்கே ஒருவர் வந்து எங்கள் குழாயில் மாதிரி எடுத்திருந்தால் எது உண்மை என்று தெரிந்திருக்கும்.

நடந்தது வேறு. வியாழன் மதியம் மருத்துவ முகாம் போட்டார்கள், அதற்கு நன்றி. வெள்ளி விடியற்காலையில் ஊர் மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு கொட்டினார்கள். அன்று வந்த தண்ணீரில் முகம் கழுவினால் கண் எரிந்தது, மாடுகூடத் தொட்டியில் வாய் வைக்கவில்லை. சனிக்கிழமை மாதிரி எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ‘குடிக்க உகந்தது’ என்று அறிக்கை வந்தது. அந்த ஒரு தாளை வைத்துத்தான் ஜனவரி 26 தீர்மானம் எழுதப்பட்டிருக்கிறது.

ஐயா, நோய் வந்தது செவ்வாய், மாதிரி எடுத்தது சனி, நடுவில் ஒரு வெள்ளி இருக்கிறது. அந்த அறிக்கை பொய் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமைத் தண்ணீருக்கு அது உண்மையாகவே இருக்கும். நாங்கள் குடித்தது செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்.

சனிக்கிழமை மாதிரி எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், நான் பக்கத்தில்தான் நின்றேன். தொட்டியின் காலடியில் உள்ள குழாயில் பிடித்தார்கள். எங்கள் தெருவுக்கு வரச் சொன்னேன், “எல்லாம் ஒரே தண்ணிதானே” என்றார் வந்தவர். பிடித்தது, யாரோ குடித்து முடித்த ஒரு லிட்டர் மினரல் வாட்டர் பாட்டிலில். கிருமிச் சோதனைக்குக் கொதிநீராவியில் சுத்தம் செய்த பாட்டில் வேண்டும். தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை முறிக்க பாட்டிலுக்குள் தயோசல்பேட் முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆய்வகம் போய்ச் சேரும் வழியிலேயே பாட்டிலுக்குள் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து, அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். அந்தப் பாட்டில் அன்று மாலை வரைக்கும் ஒரு பைக்கின் முன் பையில் வெயிலில் கிடந்ததை நான் பார்த்தேன்.

நோய்க்குக் காரணம் கோயில் அன்னதானம் என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். அன்னதானத்துக்கு மேலத்தெரு முழுக்கப் போனது. அங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் தெருவிலும் பாதிப் பேர் போனோம், பாதிப் பேர் போகவில்லை. கோயில் பக்கமே போகாத என் மாமியார்தான் முதலில் படுத்தார். படுத்த 11 பேரும் இருப்பது, பள்ளிக்கூடத்துப் பக்கம் குழாய்த் தண்ணீரைத் திறந்து மூடும் கேட் வால்வைத் தாண்டி. வால்வுக்கு இந்தப் பக்கம் ஒருவர்கூட இல்லை. சாம்பார் எப்படி ஐயா வால்வு பார்த்து வேலை செய்யும்?

இன்னொருவர் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரைக் குடத்தில் முக்கி, “பாருங்க 320தான் காட்டுது, சூப்பர் தண்ணி” என்றார். கூட்டமே தலையாட்டியது. அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும், கிருமியைக் காட்டாது. நல்ல தண்ணீர்க் குடத்தில் சாக்கடையை ஒரு கரண்டி ஊற்றினாலும் அதில் பெரிய வித்தியாசம் தெரியாது. கேன் தண்ணீர் விற்கிறவர்கள் அதைக் காட்டி வியாபாரம் செய்வதாவது புரிகிறது, அரசு ஊழியர் காட்டினால் எப்படி?

ஏன் எங்கள் தெருவுக்கு மட்டும் என்பதற்கு வருகிறேன். தொட்டியிலிருந்து வரும் குழாய் பள்ளிக்கூடம் தாண்டியதும் ஒரு சாக்கடையைக் குறுக்கே கடக்கிறது. மேலே இல்லை, சாக்கடைக்குள்ளேயே படுத்திருக்கிறது. கேட் வால்வு இருக்கும் குழியில் மழைக்காலம் முழுக்கச் சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். குழாய் இணைப்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள், இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். தண்ணீர் வரும் ஒரு மணி நேரம் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், அப்போது ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேதான் கசியும். வால்வை மூடியதும் உள்ளே வெற்றிடமாகி, வெளியே தேங்கிக் கிடப்பதைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மீதி 23 மணி நேரமும் அது ஊறிக்கொண்டே இருக்கும். மறுநாள் காலை முதல் குடத்தில் விழுவது அதுதான்.

இதில் எங்கள் தப்பும் உண்டு, மறைக்கவில்லை. ஊரில் பலர் குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறோம், எங்கள் தெருவிலும் உண்டு. மோட்டார் இழுக்க இழுக்க ஓட்டை வழியாகச் சாக்கடை இன்னும் வேகமாக உள்ளே போகும். “மருந்து வாடை அடிக்குது, டீ போட முடியல” என்று, மோட்டார் போட்டுத் தண்ணீர் விடும் ஆபரேட்டர் அண்ணனிடம் சண்டைக்குப் போனதும் நாங்கள்தான். அதற்கப்புறம் பல நாள் அவர் பவுடர் போடவே இல்லை.

ஊரில் தண்ணீர் கடைசியாக வந்து சேர்வது எங்கள் தெருவுக்கு. அது ஏன் கடைசி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஏடுகளிலிருந்து எடுப்பதாக 2025-இல் அறிவித்தார்கள். சந்தோஷம். சொல்லை எடுக்கும் கையோடு சாக்கடைக்குள் கிடக்கும் குழாயையும் எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும்.

அடுத்தது தொட்டி. 30,000 லிட்டர். 15 நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும் என்று அதன் தூணிலேயே பெயிண்டில் எழுதியிருக்கிறது. ‘சுத்தம் செய்த நாள்’, ‘அடுத்து சுத்தம் செய்யும் நாள்’ என்ற இரண்டு தேதிகளும் ஒழுங்காக மாறிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஏணியின் கீழ்ப்படிகள் மூன்றும் துருப்பிடித்து ஆடி மாதமே விழுந்துவிட்டன. அதற்குப் பிறகு யாரும் மேலே ஏறி நாங்கள் பார்க்கவில்லை, ஏறவும் முடியாது. வெள்ளிக்கிழமை பவுடர் கொட்டுவதற்கு மட்டும் எங்கிருந்தோ மூங்கில் ஏணி வந்தது. மேலே மூடி பாதி உடைந்திருக்கிறது, புறாக்கள் போய் வருகின்றன. பூட்டு இல்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தொட்டியில் என்ன கலந்திருந்தது என்று நாடே அறியும். அதற்குப் பிறகும் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் தரும் தொட்டி திறந்து கிடக்கிறது என்றால், ராத்திரி படுக்கும்போது எங்களுக்கு என்ன தோன்றும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இனி பதிவேடு. மருத்துவ முகாமன்று சாட்சிக் கையெழுத்துக்காக என்னைக் கூப்பிட்டபோது குளோரின் பதிவேடு மேசை மேல் திறந்திருந்தது. மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லா நாளும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம். அந்த மாதம் காற்றிலும் மழையிலும் கம்பம் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, நாங்கள் பம்ப்செட்டில் போய்ப் பிடித்து வந்தோம். அந்த இரண்டு நாளுக்கும் 0.5 என்று எழுதியிருக்கிறது. இல்லாத தண்ணீருக்குக்கூடக் குளோரின் அளந்திருக்கிறார்கள்.

இதற்காக ஆபரேட்டர் அண்ணன் மேல் நடவடிக்கை என்று கிளம்பிவிடாதீர்கள். அப்படி நடந்தால் அவருக்காக முதலில் வந்து நிற்பது நானாகத்தான் இருக்கும். மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு எல்லாம் அவர் ஒருவர் தலையில்தான். குளோரின் அளக்கும் சொட்டு மருந்து அவரிடம் இல்லை, யாரும் வாங்கித் தரவில்லை. “எவ்வளவு போடறீங்கண்ணே?” என்று கேட்டால், “ஒரு கை அள்ளிப் போடுவேம்மா” என்பார். கையுறை கிடையாது. பவுடர் மூட்டை மோட்டார் அறையில் வாய் திறந்தபடி ஈரத்தில் கட்டிதட்டிக் கிடக்கிறது. புதிய பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும், ஈரக்காற்று பட்டால் அது பறந்துவிடும். மிஞ்சுவது வெறும் சுண்ணாம்பு.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நல்ல பவுடராக இருந்தால் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம். எங்கள் தொட்டிக்கு 75 கிராம், ஒரு டம்ளர்கூட நிறையாது. செலவும் ஒரு டீக்கு ஆகும் காசுக்குள்தான். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகு அரை மணி நேரமாவது விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். இங்கே ஒரு பக்கம் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் வால்வு திறந்துவிடுகிறது. எவ்வளவு போட்டோம் என்பதைவிட, கடைசி வீட்டுக் குழாயில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதுதான் முக்கியம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இன்படி, மிஞ்சும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. 100 மில்லி மாதிரியில், மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் தெருக் குழாயில் இதுவரை இந்த இரண்டையும் யாரும் பார்த்ததில்லை.

“காய்ச்சிக் குடியுங்கள்” என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். காய்ச்சுகிறோம். ஆறு பேர் குடிக்கும் தண்ணீரைத் தினமும் காய்ச்சினால் சிலிண்டர் எத்தனை நாள் முன்னாலேயே தீர்கிறது என்பது வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர்களுக்குத் தெரியும். வசதி உள்ளவர்கள் 20 லிட்டர் கேனை 35 ரூபாய்க்கு வாங்குகிறார்கள். நூறு நாள் வேலைக் கூலியில் அது எத்தனை நாளைக்கு? வாங்குகிற வீட்டிலும் பாத்திரம் கழுவுவதும் குழந்தை வாய் கொப்பளிப்பதும் அதே குழாய்த் தண்ணீரில்தான்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்தது. வார்டு உறுப்பினரும் இல்லை. முன்பென்றால் தலைவர் வீட்டு வாசலில் காலிக் குடத்தோடு போய் நிற்போம், திட்டுவோம், திட்டு வாங்குவோம், ஏதோ ஒன்று நடக்கும். இப்போது எங்களுக்குத் தலைவரும் நீங்கள், உறுப்பினரும் நீங்கள். உங்கள் பொறுப்பில் பல ஊராட்சிகள் இருக்கின்றன, வாரம் ஒரு நாள்கூட இங்கே வர முடிவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் குடிநீர் ஊராட்சியின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 11-ஆவது அட்டவணையும் 1994 ஊராட்சிகள் சட்டமும் சொல்கின்றன. தேர்தல் நடக்கிற வரைக்கும் அந்தக் கடமை உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

எங்களுக்கு வேண்டியது இவைதான்.

ஜனவரி 26 தீர்மானத்தில் உள்ள ‘குறை ஏதும் இல்லை’ என்ற வரியைத் திருத்துங்கள். ஐப்பசியில் எங்கள் தெருவில் 11 பேர் நோய்ப்பட்டதையும், நோய் வந்த நாள், பவுடர் கொட்டிய நாள், மாதிரி எடுத்த நாள், எடுத்த இடம் ஆகியவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள்.

சாக்கடைக்குள் கிடக்கும் குழாயை எடுத்து, சாக்கடைக்கு மேலே உறைக்குழாய்க்குள் கொண்டுபோங்கள். வால்வுக் குழியைச் சிமெண்டால் கட்டி மூடி போடுங்கள். இது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நடக்க வேண்டும். அது முடியும் வரைக்கும் எங்கள் தெருவுக்கு டிராக்டரில் குளோரின் போட்ட தண்ணீர் அனுப்புங்கள்.

ஏணி, மூடி, பூட்டு மூன்றும் பதினைந்து நாளில் வேண்டும். தொட்டியைக் கழுவும்போது எங்கள் ஐவரில் ஒருவரையாவது கூப்பிடுங்கள், நாங்கள் பார்த்த பிறகு தூணில் தேதி எழுதட்டும்.

ஆபரேட்டர் அண்ணனுக்கு அளவு டம்ளர், கையுறை, முகக்கவசம், குளோரின் சோதனை மருந்து, மூடி போட்ட டிரம் வாங்கிக் கொடுங்கள். தினமும் கடைசிக் குழாயில் குளோரின் பார்த்து, அந்த எண்ணை ரேஷன் கடைச் சுவரில் சாக்பீஸில் எழுதச் சொல்லுங்கள். கரண்ட் இல்லாத நாளில் ‘தண்ணீர் இல்லை’ என்றே எழுதட்டும்.

குழாயில் மாட்டிய மோட்டார்களைப் பறிமுதல் செய்யுங்கள். எங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள், யாரும் குறுக்கே வராமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் எங்கள் தெருவோடு நிறுத்திவிடாதீர்கள்.

மழைக்கு முன்னும் பின்னும் கிருமிச் சோதனை, வருஷம் ஒரு முறை வேதியியல் சோதனை என்பது திட்டத்தின் விதி. அதைத் தொட்டியடிக் குழாயில் மட்டும் செய்யாமல் அங்கன்வாடிக் குழாயிலும் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக் குழாயிலும் செய்யுங்கள். முறையான பாட்டிலில் மாதிரி எடுங்கள். அந்த அறிக்கையை மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும்.

கடைசியாக, பரணில் இருக்கும் அந்தப் பெட்டி. சொட்டு மருந்தும் குப்பிகளும் வாங்கித் தாருங்கள். எங்களுக்குச் சம்பளம் வேண்டாம். நாங்கள் கொண்டுவரும் குப்பி கறுத்திருந்தால் அன்றைக்கே வாங்கிக்கொண்டு தேதி போட்டு ரசீது தர ஒருவரை நியமியுங்கள். ஐப்பசிக் குப்பியைப் பயிற்சியில் சொன்னபடி கிருமிநாசினி ஊற்றிப் புதைத்துவிட்டேன். அதன் படம் தேதியோடும் நேரத்தோடும் என் செல்போனில் இருக்கிறது. நீங்கள் கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தண்ணீர்ச் சோதனைக்குப் பயிற்சி பெற்ற ஐந்து பெண்களில் ஒருத்தி,
கடைசித் தெரு.